பழைய தொலைத்தொடர்பு, கணினிப் புத்தகங்களைச் சேகரித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தந்தி, தொலைபேசி, வானொலி, கணினி பற்றிய பழைய புத்தகங்களை இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சேகரித்து வருகிறேன். நடைபாதைக் கடையில் குனிந்து தேடிக்கொண்டிருக்கும்போதும் சரி, உறவினர் வீட்டுத் திருமணப் பந்தியிலும் சரி, என்னிடம் கேட்கப்படுபவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றுக்கு நிதானமாகப் பதில் எழுதிவைக்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. சென்னையில் வசிப்பதால் உதாரணங்கள் பெரும்பாலும் இந்த ஊரைச் சுற்றியே இருக்கும்.

வழக்கொழிந்த தொழில்நுட்பத்தைப் பற்றிய புத்தகத்தை இன்று ஏன் வாங்க வேண்டும்?

ஒரு புத்தகத்தைக் காட்டியே பதில் சொல்கிறேன். அட்கின்சன் எழுதிய ‘டெலிஃபோனி’ இரண்டு தடித்த தொகுதிகளாக வந்தது. பிட்மன் நிறுவனம் வெளியிட்டது. பிரிட்டிஷ் தொலைபேசிப் பொறியாளர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்றாலும், நம் நாட்டிலும் அந்தத் துறையில் இருந்தவர்கள் அதைப் படித்தார்கள். ஸ்ட்ரௌஜர் முறைத் தானியங்கி இணைப்பகம் (எக்ஸ்சேஞ்ச்) எப்படி வேலை செய்கிறது என்பதைப் படிப்படியாக விளக்கும் நூல் அது. அமெரிக்காவின் கான்சாஸ் நகரில் ஈமச்சடங்குத் தொழில் செய்துவந்த ஸ்ட்ரௌஜர், 1891இல் காப்புரிமை பெற்ற முறை.

பழைய சுழல் டயலில் 4ஐச் சுழற்றி விட்டால், டயல் திரும்பி வரும்போது மின்சுற்று நான்கு முறை அறுபட்டு இணைகிறது. இணைப்பகத்தில் ஒரு மின்காந்தம் நான்கு முறை துடிக்கிறது. ஒரு தண்டு நான்கு படி மேலே ஏறி நிற்கிறது. அடுத்து 7ஐச் சுழற்றினால் அதே தண்டு ஏழு படி பக்கவாட்டில் திரும்புகிறது. மேலே பத்து, பக்கத்தில் பத்து, ஆக நூறு சந்தாதாரர்கள். கடைசி இரண்டு இலக்கங்களின் வேலை இது. அதற்கு முந்தைய இலக்கங்களில், தண்டு ஏறி நின்றதும் காலியான இணைப்பு எங்கே இருக்கிறது என்று தானாகவே தேடிப் பிடிக்கும். இதைப் படித்தபோதுதான், தொலைபேசி எண் என்பது வெறும் அடையாளம் அல்ல, ஓர் இயந்திரத்துக்கு இடப்படும் கட்டளைகளின் வரிசை என்று எனக்கு உறைத்தது. சிறு வயதிலிருந்து எத்தனையோ முறை டயல் சுழற்றியவன் நான். ஆனால் 0 என்றால் பத்துத் துடிப்பு என்பதையும், அதனால்தான் அது டயலில் 9க்கு அப்பால் இருக்கிறது என்பதையும் அந்தப் பக்கத்தில்தான் கற்றேன்.

இன்றைய பாடநூல்களில் ஸ்ட்ரௌஜருக்கு ஒரு பத்தி கிடைத்தால் அதிகம். அது இயல்பும்கூட. அதனால்தான் பழைய நூல் வேண்டியிருக்கிறது.

எல்லாம்தான் இணையத்தில் கிடைக்கிறதே?

கிடைப்பவை புகழ்பெற்றவை. தகவல் கோட்பாட்டைத் தொடங்கிவைத்த கிளாட் ஷானனின் கட்டுரை 1948 ஜூலை, அக்டோபர் மாத பெல் ஆய்விதழ்களில் வெளிவந்தது. இன்று யாரும் நொடியில் எடுத்துப் படிக்கலாம். அதே இதழ் 1978இல் யூனிக்ஸ் என்ற கணினி இயக்குதளத்துக்காக வெளியிட்ட சிறப்பிதழும் அப்படியே. அவற்றின் அச்சுப் பிரதி என்னிடம் இல்லை என்பதில் எனக்குக் கவலையும் இல்லை. அவற்றைக் காக்க உலகெங்கும் நூலகங்கள் இருக்கின்றன.

மீனம்பாக்கத்தில் தொலைபேசித் துறைப் பயிற்சி நிலையத்தில் பயிற்சியாளர்களுக்குத் தரப்பட்ட குறிப்பேட்டை யார் காக்கிறார்கள்? உள்நாட்டிலேயே இணைப்பகங்களை வடிவமைக்க 1984இல் சி-டாட் என்ற அரசு ஆய்வு மையம் தொடங்கப்பட்டதே, அங்கிருந்து வந்த கிராமப்புற இணைப்பகங்களின் பராமரிப்புக் கையேட்டை? 1990களில் தட்டச்சு நிலையமாக இருந்து கணினிப் பயிற்சி மையமாக மாறிய தெருமுனைக் கடைகள் தங்கள் மாணவர்களுக்கு அச்சடித்துக் கொடுத்த லோட்டஸ், டிபேஸ் மென்பொருள் பாடங்களை? இவை எடைக்குப் போய்க் கூழாகிவிட்டால் அத்தோடு முடிந்தது.

அப்படியானால் எதைத் தேடிப் போக வேண்டும்?

என் அலமாரியில் முதல் இடம் நம் ஊரில் உருவான அல்லது புழங்கிய காகிதங்களுக்கு. துறைப் பயிற்சிக் குறிப்புகள், பழைய தொலைபேசி விவரப் புத்தகங்கள், இந்திய நிறுவனங்களின் கையேடுகள், இந்தியத் தந்திச் சட்டம் 1885இன் கீழ் வெளியான விதிமுறைத் தொகுப்புகள் போன்றவை. 2013 ஜூலையில் தந்திச் சேவை நிறுத்தப்பட்டபோது, தந்தி அலுவலகங்களில் புழங்கிய, ஒவ்வொரு வாழ்த்துத் தொடருக்கும் ஓர் எண் குறித்த பட்டியலை யாராவது எடுத்து வைத்திருப்பார்களா என்று தேடி அலைந்தேன். ஒற்றைத் தாள்தான், ஆனால் ஒரு காலத்தின் கல்யாணம், தீபாவளி, பொங்கல் எல்லாம் அந்தத் தாளில் எண்களாக இருக்கின்றன.

அடுத்தது தரவேடுகள். நுண்செயலி, மின்னணு உறுப்புகள் தயாரித்த நிறுவனங்கள் ஆண்டுதோறும் வெளியிட்ட தடிமனான தொகுப்புகள் இவை. இன்டெல் 8085 1976இல் வந்தது. நம் பொறியியல் கல்லூரிகளில் பல பத்தாண்டுகள் அதுதான் பாடம். அதைப் பற்றிய கவோங்கரின் பாடநூல் எந்தப் பழைய கடையிலும் கிடைக்கும். ஆனால் அதே காலத்து இன்டெல் கையேடு கிடைப்பது அரிது.

மூன்றாவது, பன்னாட்டுத் தந்தி, தொலைபேசி ஆலோசனைக் குழுவின் வண்ணப் புத்தகங்கள். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடிய அந்தக் குழு, தன் பரிந்துரைகள் அனைத்தையும் ஒரே நிற அட்டையில் பல தொகுதிகளாக வெளியிட்டது. 1968 வெள்ளை, 1972 பச்சை, 1976 ஆரஞ்சு, 1980 மஞ்சள், 1984 சிவப்பு, 1988 நீலம். நீலத்தோடு இந்த வழக்கம் நின்றது. தரவுப் பொட்டலங்களை அனுப்பும் எக்ஸ்.25 நெறிமுறை முதலில் ஒப்புதல் பெற்றது 1976இல். ஆரஞ்சு அட்டை ஒன்று மூட்டைக்குள் எட்டிப் பார்த்தால் எனக்கு நெஞ்சு படபடக்கும். முழு வரிசையும் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒற்றைத் தொகுதி கிடைத்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் எங்கே தேடலாம்?

மூத்தவர்கள் மூர் மார்க்கெட் என்றுதான் தொடங்குவார்கள். 1985 மே மாதத் தீயில் அது எரிந்துபோனது. அந்த இடத்தில்தான் இன்று சென்ட்ரலின் புறநகர் ரயில் நிலையம் நிற்கிறது. அங்கிருந்த கடைகளில் பல பக்கத்திலேயே அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறின. பாடநூல்களுக்கு நடுவே அவ்வப்போது நமக்கு வேண்டியதும் தட்டுப்படும்.

திருவல்லிக்கேணி பாரதி சாலையின் நடைபாதைக் கடைகளுக்கு ஞாயிறு காலையில் போங்கள். மயிலாப்பூர் லஸ் பக்கம் போனால் வானொலி, மின்னணுவியல் நூல்கள் சில வேளைகளில் கிடைக்கும். ரிச்சி தெருவைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். உதிரிபாகங்கள் விற்கும் அந்தத் தெருவில் பழைய கடைகளின் மேல்தட்டில் தரவேடுகள் தூசு படிந்து கிடக்கும். விற்பனைக்கு என்று யாரும் வைத்திருப்பதில்லை, கேட்டால் கொடுப்பார்கள். ஜனவரியில் புத்தகக் காட்சி நடக்கும்போது வெளியே நடைபாதையில் பரப்பும் பழைய புத்தகக் கடைகளுக்கு நான் முதல் இரண்டு நாட்களிலேயே போய்விடுவேன்.

எல்லாவற்றையும்விட நல்ல இடம், உங்கள் தெருமுனைப் பழைய பேப்பர் கடை. அங்கே உள்ளவரிடம் ஒருமுறை தெளிவாகச் சொல்லிவைத்தால் போதும்: “டெலிபோன், ரேடியோ, கம்ப்யூட்டர் என்று அட்டையில் எழுதியிருக்கும் பழைய புத்தகம் எது வந்தாலும் ஒரு வாரம் எடுத்து வையுங்கள் அண்ணாச்சி, நான் வந்து பார்க்கிறேன்.” சொன்னபடி வாரம் தவறாமல் போய்ப் பார்க்க வேண்டும். இரண்டு வாரம் போகாவிட்டால் மூட்டை போய்விடும்.

மற்ற ஊர்களில்?

கோவையில் உக்கடம். மதுரையில் நெடுங்காலம் புதுமண்டபத்தில் புத்தகக் கடைகள் இருந்தன. மண்டபத்திலிருந்த கடைகள் பின்னர் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன. எனக்கு மிக அதிகமாகக் கொடுத்த ஊர் பெங்களூரு. ஐடிஐ என்ற அரசுத் தொலைபேசித் தொழிற்சாலை 1948இல் அங்கே தொடங்கியது. பாரத் எலக்ட்ரானிக்ஸ், விண்வெளித் துறை என்று பொறியாளர்கள் நிறைந்த ஊர். அவர்கள் ஓய்வு பெற்று வீடு மாறும்போது அலமாரிகள் அவென்யூ சாலைக்கும் சர்ச் தெருவுக்கும் வந்து சேர்கின்றன. எந்த ஊரிலும் இதே கணக்குதான். அந்த ஊரில் என்ன தொழில் நடந்தது என்று தெரிந்தால் என்ன புத்தகம் கிடைக்கும் என்று ஊகிக்கலாம்.

பேரம் பேசலாமா?

பேசலாம், ஆனால் வாய்க்கு வந்தபடி குறைத்துக் கேட்காதீர்கள். நடைபாதைக் கடைக்காரருக்குக் கணினிப் புத்தகம் என்றால் பதிப்பு பழையது, மாணவர்கள் சீந்த மாட்டார்கள், எப்படியாவது போனால் சரி என்ற எண்ணம் இருக்கும். நமக்கு அது நல்வாய்ப்பு. அவர் சொல்லும் விலை நியாயமாக இருந்தால் சொன்ன விலையைக் கொடுத்து, “இதுபோல் வந்தால் எனக்குச் சொல்லுங்கள்” என்று தொலைபேசி எண்ணையும் கொடுத்துவிட்டு வருவேன். பத்து ரூபாய் மிச்சம் பிடித்ததில் எனக்கு எந்த அரிய நூலும் கிடைத்ததில்லை. அடுத்த மாதம் அவரிடமிருந்து வந்த அழைப்பில் கிடைத்திருக்கின்றன.

முதற்பதிப்பா, மறு அச்சா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் பாருங்கள். அமெரிக்கப் பதிப்பகங்கள் பலவும் அங்கே 10 9 8 7 6 5 4 3 2 1 என்று ஓர் எண் வரிசையை அச்சிடும். அதில் மிஞ்சியிருக்கும் மிகச் சிறிய எண்தான் எத்தனையாவது அச்சு என்பது. 1 இருந்தால் முதல் அச்சு; 4இல் நின்றால் நான்காவது.

ஐஎஸ்பிஎன் என்ற பன்னாட்டுப் புத்தக எண்ணும் உதவும். அந்த எண்ணே இல்லையென்றால் பெரும்பாலும் 1970க்கு முந்தைய நூல். பத்து இலக்கம் என்றால் 2006 வரை. பதின்மூன்று இலக்க முறை 2007 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 81 என்று தொடங்கினால் இந்தியாவில் வெளியானது. அதிலும் 81-203 என்றால் பிரென்டிஸ் ஹால் ஆஃப் இந்தியா. இந்த எண்கள் எனக்கு இப்போது மனப்பாடம். மூட்டையைப் பிரிக்கும்போது பின்னட்டையைப் பார்த்தே பிரித்துவிடுவேன்.

சில நூல்களில் உள்ளடக்கமே காட்டிக்கொடுக்கும். கெர்னிகனும் ரிச்சியும் எழுதிய சி மொழி நூலின் முதற்பதிப்பு 1978, இரண்டாம் பதிப்பு 1988. அட்டை கிழிந்து, முதல் பக்கங்கள் போன ஒரு பிரதி கையில் கிடைத்தது என்று வையுங்கள். உள்ளே ஏதாவது ஒரு நிரலைத் திறந்து பாருங்கள். செயல்கூற்றின் (ஃபங்ஷன்) தலைப்பில் அடைப்புக்குறிக்குள் மாறிகளின் பெயர் மட்டும் இருந்து, அவை முழு எண்ணா, எழுத்தா என்பது அடுத்தடுத்த வரிகளில் கீழே அறிவிக்கப்பட்டிருந்தால் அது முதற்பதிப்பு. இரண்டாம் பதிப்பில் வகையும் பெயரும் சேர்ந்தே அடைப்புக்குறிக்குள் வந்துவிடும். அந்த இரண்டாம் பதிப்பிலும் தொடக்க கால அச்சுகளின் அட்டையில், இது அன்சி என்ற அமெரிக்கத் தர அமைப்பின் சி மொழித் தரத்தின் முன்வரைவை ஒட்டியது என்று ஒரு வரி இருக்கும். தரம் முறைப்படி ஏற்கப்பட்டது 1989இல் என்பதால், அதற்கு முன்பே அச்சானதன் சாட்சி அந்த வரி.

மலிவு விலை இந்தியப் பதிப்புகளுக்கு மதிப்பு உண்டா?

சந்தை விலையைக் கேட்டால், பெரிதாக இல்லை. எனக்கு அவைதான் உயிர்.

இந்த நாட்டில் ஒரு தலைமுறை கணினி படித்தது அமெரிக்க முதற்பதிப்புகளில் அல்ல. பிரென்டிஸ் ஹாலின் ‘ஈஸ்டர்ன் எகானமி எடிஷன்’ என்ற முத்திரை தாங்கிய மெல்லிய அட்டைப் பதிப்புகளில். ஈரோட்டில் பிறந்த பேராசிரியர் வி. ராஜாராமன் கான்பூர் ஐஐடியில் கற்பித்தபோது, அங்கே 1963இல் வந்து இறங்கிய ஐபிஎம் 1620 கணினியில் மாணவர்கள் ஃபோர்ட்ரான் கற்றார்கள். பிறகு அவர் எழுதிய பாடநூல்கள் மாணவர் கைக்கெட்டும் விலையில் பல்லாயிரம் பேரைச் சென்றடைந்தன. அந்தத் தாள் பழுப்பேறி ஓரம் உதிர்கிறது. நல்ல நிலையில் ஒரு பழைய பிரதி கிடைப்பது இப்போது கடினமாகிவருகிறது.

பிரிட்டிஷ் அரசின் மானியத்தில் வந்த ஈஎல்பிஎஸ் பதிப்புகளும் இதே வகை. மாஸ்கோவின் மிர் பதிப்பகம் வெளியிட்ட மின்னணுவியல், வானொலி நூல்களையும் விடாதீர்கள். என்சிபிஹெச் (நியூ செஞ்சுரி புக் ஹவுஸ்) கடைகளிலும் அவர்களின் நடமாடும் வண்டிகளிலும் நம்ப முடியாத குறைந்த விலையில் கிடைத்தவை அவை. கெட்டி அட்டை, தைத்த கட்டு. அதே காலத்து மற்ற மலிவுப் பதிப்புகள் உதிர்ந்துகொண்டிருக்க இவை திடமாக நிற்கின்றன.

ஒரே நூலின் பல பதிப்புகளை வைத்திருப்பது வீண் இல்லையா?

தொழில்நுட்ப நூலில் வீண் இல்லை. டானன்பாமின் கணினி வலையமைப்பு நூலை எடுத்துக்கொள்ளுங்கள். 1981இன் முதற்பதிப்பில் உதாரணங்கள் இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட், ஐபிஎம்மின் எஸ்என்ஏ, டெக் நிறுவனத்தின் டெக்நெட் ஆகிய வலையமைப்புகள். 1988இன் இரண்டாம் பதிப்பில் ஓஎஸ்ஐ என்ற பன்னாட்டு வலையமைப்புத் தரத்தின் ஏழு அடுக்குகள்தான் எதிர்காலம் என்ற நம்பிக்கை பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. 1996இன் மூன்றாம் பதிப்பில் இணையமும், ஏடிஎம் என்ற தரவு அனுப்பும் முறையும் (பணம் தரும் இயந்திரம் அல்ல) முன்னுக்கு வந்துவிடுகின்றன. 2003இன் நான்காம் பதிப்பில் கம்பியில்லா வலையமைப்புகள் இடம்பிடிக்கின்றன. நான்கையும் வரிசையாக வைத்துப் பொருளடக்கத்தை மட்டும் படித்தால் போதும், எது வரும் என்று அறிந்தவர்கள் எதிர்பார்த்தார்கள், எது வந்தது என்பது கண்முன் விரியும். கடைசிப் பதிப்பை மட்டும் வைத்திருப்பவருக்கு இது கிடைக்காது.

தமிழில் இத்தகைய நூல்கள் உண்டா?

உண்டு, நாம் நினைப்பதைவிட அதிகமாக. தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரனை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியத்தில் தந்தி, தொலைபேசி, வானொலி பற்றிய கட்டுரைகளைப் படித்துப் பாருங்கள். அன்று தமிழில் இதை எழுதியவர்கள் ஒவ்வொரு சொல்லையும் தாங்களே செதுக்க வேண்டியிருந்தது. தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் கல்லூரிகளுக்காகத் தமிழில் கொண்டுவந்த அறிவியல் நூல்களும், கோவையிலிருந்து வந்த கலைக்கதிர் இதழ்களும் இதே பணியைச் செய்தவை. பின்னர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்த சுஜாதா, கணினியை வார இதழ் வாசகர்களிடம் கொண்டுசேர்த்தார்.

இந்த நூல்களை நான் சேர்ப்பது முக்கியமாகச் சொற்களுக்காக. ஒரு நூலில் கம்பியில்லாத் தந்தி, இன்னொன்றில் வானொலி. ஒன்றில் மின்கணிப்பொறி, பிறகு கணிப்பொறி, அதன் பிறகு கணினி. எந்த ஆண்டில் எந்தச் சொல் புழங்கியது என்பதை நூலின் கடைசியில் இருக்கும் கலைச்சொல் பட்டியல் சொல்லும். வாங்கும்போது அந்தக் கடைசிப் பக்கங்கள் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். முதலில் பிய்ந்து போவது அவைதான்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 என்ற தமிழ்க் கணினி மாநாட்டின் வெளியீடுகள் எங்கே கண்டாலும் எனக்குச் சொல்லுங்கள். தமிழ்99 விசைப்பலகையும் தமிழ் எழுத்துகளுக்கான டாம், டாப் குறியீட்டு முறைகளும் அதையொட்டி வந்தவை. யூனிகோடுக்கு முன் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியீடு என்று நாம் பட்ட பாட்டின் முழு வரலாறும் அக்காலத்து மென்பொருள் கையேடுகளில்தான் இருக்கிறது.

பென்சில், பேனாவால் எழுதிய பிரதியை வாங்கலாமா?

நான் தேடி வாங்குவேன். என்னிடம் உள்ள டெலிஃபோனி முதல் தொகுதி ஒரு துறைப் பயிற்சியாளரிடம் இருந்தது. தேர்வி (முன்பு சொன்ன, ஏறித் திரும்பும் தண்டுள்ள கருவி) பற்றிய அத்தியாயத்தின் ஓரத்தில் அவர் பென்சிலால் மின்சுற்றைத் தன் கையால் மறுபடி வரைந்திருக்கிறார். மூன்று ரிலேக்கள் (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்சுகள்), ஒவ்வொன்றின் அருகிலும் அது எப்போது இழுக்கும், எப்போது விடும் என்று தமிழில் ‘இழு’, ‘விடு’ என்று எழுதி அம்புக்குறி. ஆங்கில நூலின் விளிம்பில் இரண்டே தமிழ்ச் சொற்களால் அவர் அந்தச் சுற்றைத் தனக்குப் புரிய வைத்துக்கொண்டார். அச்சிட்ட படத்தைவிட அந்தப் பென்சில் படம்தான் எனக்கும் புரிந்தது. பெயரோ ஊரோ இல்லை. ரப்பரால் அழித்துச் சுத்தமாக்கித் தருகிறேன் என்று கடைக்காரர் அன்பாகச் சொன்னபோது பதறிப்போய்ப் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டேன்.

நூலக முத்திரை உள்ள புத்தகம்?

கவனம் தேவை. நீக்கப்பட்டது என்ற முத்திரையோ, குறுக்கே அடித்த கோடோ இருந்தால் முறைப்படி வெளியேறியது. அப்படி எதுவும் இல்லையென்றால் அந்த நூலகத்துக்கு ஒரு வார்த்தை எழுதிக் கேட்பது முறை. இருமுறை நான் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

மூடப்பட்ட ஒரு பொறியியல் கல்லூரியின் நூலகம் லாரியில் ஏற்றப்பட்டு எடைக்குப் போனதை நேரில் பார்த்தேன். எண்ணிட்ட அட்டைகள், வரிசை குலையாத தொகுதிகள். கிடைத்த அரை மணி நேரத்தில் இரண்டு பெட்டிகளை மட்டும் பிரித்தெடுக்க முடிந்தது. உங்கள் ஊரில் இப்படி ஒரு செய்தி காதில் விழுந்தால், ஏலத்துக்கு முன்பே போய்ப் பேசுங்கள். லாரி வந்த பிறகு பேச நேரம் இருக்காது.

ஜெராக்ஸ் எடுத்து பைண்டு செய்த பிரதிகளைச் சேர்க்கலாமா?

வாங்கி விற்கும் பொருளாக அல்ல, வரலாற்றுச் சான்றாகச் சில பிரதிகளுக்கு இடம் உண்டு. ஆஸ்திரேலியப் பேராசிரியர் ஜான் லயன்ஸ் 1970களில் யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் மூல நிரலுக்கு எழுதிய விளக்கவுரை, உரிமக் கட்டுப்பாட்டால் பொதுவில் வெளிவர முடியாமல் இருந்தது. உலகம் முழுக்க மாணவர்கள் நகலின் நகலை எடுத்துப் படித்தார்கள். 1996இல்தான் முறையான நூலாக வந்தது. அதன் மங்கிய நகல் ஒன்று ஒரு கல்லூரி விடுதியிலிருந்து உங்களிடம் வந்து சேர்ந்தால், அது எப்படிப் படிக்கப்பட்டது என்பதன் சான்று அது.

புத்தகத்தோடு வந்த ஃப்ளாப்பி, சிடி?

இருந்தால் அன்றைக்கே உள்ளடக்கத்தைக் கணினியில் படியெடுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் காந்தப் பூச்சில் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை தெரிந்தால் இயக்கியில் போடாதீர்கள். வட்டும் போகும், இயக்கியும் போகும். மூன்றரை அங்குல ஃப்ளாப்பிக்கு யுஎஸ்பியில் இணைக்கும் கருவி கிடைக்கிறது. ஐந்தேகால் அங்குலத்துக்குப் பழைய இயக்கி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் வேண்டும். சிடி ஒட்டிய பிளாஸ்டிக் உறை பின்னட்டையோடு பசையாக இளகிப் பிடித்துக்கொள்ளும். வட்டைத் தனியே எடுத்து, எந்த நூலுக்கு உரியது என்று உறையில் எழுதி வையுங்கள்.

பூச்சி, ஈரம் இவற்றிலிருந்து எப்படிக் காப்பது?

எஃகு அலமாரி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. கீழ்த்தட்டு தரையிலிருந்து ஓர் அடியாவது உயரம். புத்தகங்களை நெருக்கித் திணிக்கக் கூடாது. காற்று போக வேண்டும்.

புதிதாக வரும் எதையும் நேரே அலமாரியில் சேர்க்காதீர்கள். இராமபாணப் பூச்சி ஒரு மூட்டையில் வந்து வீடு முழுக்கப் பரவும். நான் ஒவ்வொன்றையும் காற்றுப் புகாத உறையில் போட்டு, ஃப்ரீஸரில் ஒரு வாரத்துக்கு மேல் வைத்துவிடுவேன். எடுத்த பிறகு உறையைப் பிரிக்காமல் ஒரு நாள் வெளியே வைக்க வேண்டும். உடனே பிரித்தால் தாளில் நீர் கோத்துவிடும். அந்துருண்டையை நான் விட்டுவிட்டேன். அந்த நெடி மூச்சுக்கு நல்லதல்ல. வேப்பிலையும் வசம்பும் வைப்பவர்களைத் தடுக்க மாட்டேன், ஆனால் அவற்றை மட்டும் நம்பி இருக்காதீர்கள். கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டாதீர்கள். சில ஆண்டுகளில் பசை பழுப்பாகி எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும்.

தாள் பழுப்பாவதை நிறுத்த முடியாது. மரக்கூழில் தங்கிய லிக்னினும் அமிலமும் அதற்குக் காரணம். வெயில் படாமல் வைத்தால் வேகம் குறையும், அவ்வளவுதான்.

வெள்ளத்தில் நனைந்துவிட்டால்?

2015 டிசம்பரில் என் கீழ்த்தட்டு முழுக்க நீரில் மூழ்கியது. அப்போது கற்றது இது. நனைந்த புத்தகத்தை வெயிலில் காய வைக்கக் கூடாது. தாள் நெளிந்து அட்டை வளைந்துவிடும். நிழலில், மின்விசிறிக் காற்றில், சில பக்கங்களுக்கு ஒன்றாக உறிஞ்சும் வெள்ளைத் தாளைச் செருகி, ஈரமானதும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். செய்தித்தாளின் மை ஒட்டும் என்பதால் அதைச் செருகாதீர்கள். வழவழப்பான தாளில் அச்சான தரவேடு என்றால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் முன் பிரிக்க வேண்டும். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் கவனிக்க முடியாவிட்டால், உறையில் போட்டு ஃப்ரீஸரில் வைத்து, ஒவ்வொன்றாக எடுத்து உலர்த்தலாம். உறைந்த புத்தகத்தில் பூஞ்சை வளராது.

ஸ்கேன் செய்து எல்லோருக்கும் பகிரலாமா?

இந்தியாவில் ஆசிரியர் மறைந்த பிறகு 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. அரசு வெளியீடுகளுக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். ஆகவே 1955இல் அஞ்சல் தந்தித் துறை வெளியிட்ட கையேடு 2016 முதல் பொதுவுடைமை. நான் முதலில் ஸ்கேன் செய்வது இந்த வகையைத்தான். மடித்து வைத்த பெரிய மின்சுற்றுப் படங்களைப் பிரித்து முழுதாக எடுங்கள்; மடிப்போடு எடுத்த படத்தால் யாருக்கும் பயன் இல்லை.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாமா?

அவசியம் வேண்டியது என்றால் மட்டும். பெரும்பாலும் அஞ்சல் செலவு புத்தக விலையைத் தாண்டிவிடும்.

எதை வாங்காமல் விடலாம்?

ஒரு குறிப்பிட்ட மென்பொருளின் ஒரு குறிப்பிட்ட பதிப்புக்கு வந்த ஆயிரம் பக்க வழிகாட்டிகளில் பெரும்பாலானவற்றை. ஒரு விதிவிலக்கு: 1995 ஆகஸ்ட் 15இல் அரசு நிறுவனமான விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. அதையொட்டிய ஐந்தாறு ஆண்டுகளில் நம் நாட்டில் அச்சான இணைய அறிமுக நூல்களை எடுத்து வையுங்கள். வலைத்தள முகவரிகளை டைரக்டரிபோல அச்சிட்டுக் கொடுத்த நூல்கள் அவை. அந்தத் தளங்களில் பல இன்று இல்லை. முகவரி மட்டும் தாளில் இருக்கிறது.

அப்பா டெலிபோன் துறையில் இருந்தார். பரணில் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கிறது. என்ன செய்வது?

இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது. 2020 ஜனவரி கடைசியில் மட்டும் பிஎஸ்என்எல்லில் சுமார் 78,000 பேர் விருப்ப ஓய்வு பெற்றார்கள். அத்தனை வீடுகளிலும் ஒரு பரண் இருக்கும்.

முதலில், பிரிக்காதீர்கள். புத்தகம் தனி, தாள் தனி, நோட்டு தனி என்று பிரித்து, நோட்டையும் தாளையும் எறிந்துவிடுவதுதான் வழக்கம். அச்சிட்ட நூல் வேறெங்காவது இருக்கும், கையெழுத்து நோட்டு அது ஒன்றுதான். பெட்டியில் எந்த வரிசையில் இருந்தனவோ அப்படியே படம் எடுங்கள். பயிற்சி நிலையத்தின் பெயர், ஆண்டு, எந்த வகை இணைப்பகம் என்பதை ஒரு தாளில் குறித்துப் பெட்டிக்குள் வையுங்கள். தமிழில் உள்ளவற்றை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் கேட்டுப் பார்க்கலாம். மற்றவற்றுக்கு ஒரு கல்லூரித் துறையையோ என்னைப் போன்ற ஒருவரையோ தேடுங்கள்.

அப்பா இருக்கிறார் என்றால், பெட்டியை இறக்கி அவர் பக்கத்தில் வைத்து, தொலைபேசியில் ஒலிப்பதிவை ஓட விடுங்கள். ஒரு நண்பர் அப்படிச் செய்தார். மின்சுற்றுப் படம் ஒன்றைப் பிரித்து, “இது என்னப்பா?” என்றுதான் கேட்டார். எண்பத்தொரு வயதுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எந்த ரிலே சிக்கினால் இணைப்பகத்தில் என்ன சத்தம் கேட்கும் என்று வாயால் சத்தம் எழுப்பிக் காட்டினார். நாற்பது நிமிடப் பதிவு அது. அந்தச் சத்தம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.